கேலரியைத் திறக்காத கடை

ஓர் அடி பிலிமில் 16 கட்டம். நொடிக்கு 24 கட்டம் ஓட வேண்டும். நிமிஷத்துக்கு 90 அடி. 1990-களில் சித்தூரில் ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டராகச் சேர்ந்த இளைஞருக்குக் கேபினில் முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு இதுதான். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். அது முடிவதற்குள் அடுத்த புரொஜக்டரில் கார்பன் குச்சி எரிந்துகொண்டிருக்க வேண்டும். திரையின் வலது மேல்மூலையில் புள்ளி தட்டியதும் மாற்ற வேண்டும். காலைக் காட்சிக்கு ‘பிட்’ என்கிற ஆபாசத் துண்டு வந்தாலும் அதே கணக்கு. 300 அடி என்றால் மூன்றரை நிமிஷம்கூட ஓடாது.

அவர் இப்போது திருப்பதியில், லீலா மஹால் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. சித்தூரிலிருந்து வரும் பழைய ஆட்கள் இன்னும் ‘ஆபரேட்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அவர் ஆபரேட்டர்தான். ஆபாசப் படம் மனிதர்களை என்ன செய்கிறது என்று டாக்டர்களும் நீதிபதிகளும் பேசி நாம் கேட்டிருக்கிறோம். அந்தச் சரக்கு கைமாறும் இடங்களிலேயே வேலை பார்த்த ஒரு தொழிலாளி பேசிக் கேட்டதில்லை.

தியேட்டர் காலத்தை அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். படம் பெரும்பாலும் மலையாளத்திலிருந்து டப் செய்தது, ‘ஏ’ சான்றிதழ் வாங்கியது. சான்றிதழ் கொடுத்த பிறகு படத்தில் எதைச் சேர்த்தாலும் 1952-ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. அதனால் பிட் படப்பெட்டியோடு வராது. விநியோகஸ்தரின் ஆளான ரெப் அதைத் தனியாகச் சின்ன டப்பாவில் கொண்டுவருவார். இடைவேளைக்குப் பிறகு ஒரு ரீலை வெட்டி, பிலிம் சிமெண்டால் ஒட்டுவார்கள். ரெய்டு வருகிறது என்று தெரிந்தால் பிரித்து எடுப்பார்கள். முன்னால் ஓடிய கதைக்கும் பிட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கேரளத்துத் தறவாட்டு வீட்டில் ஆரம்பித்த காட்சி, திடீரென்று ஏதோ ஒரு வெளிநாட்டு அறைக்குள் போய்விடும்.

2000-இல் ‘கின்னாரத் தும்பிகள்’ வந்த பிறகு அந்த மாதிரிப் படங்களுக்குப் பெரிய அலை அடித்தது. ஷகீலா படம் என்றாலே கவுண்டரில் கூட்டம். ஆபரேட்டருக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. போஸ்டரில் இருந்த முகம் ஷகீலாவுடையது. ஒட்டி ஓட்டிய பிட்டில் இருந்தது வேறு யாரோ. தெருவில் வசவு வாங்கியது மட்டும் ஷகீலா. “கேபின்ல ஒட்டுனவன் பேரு யாருக்கும் தெரியாது. அந்தம்மா பேரு எல்லாருக்கும் தெரியும்” என்கிறார். இந்தத் தொழிலைப் பற்றி அவர் சொல்கிற எல்லாவற்றுக்கும் வேர் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஆபாசத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பார்க்கிறவனின் கெடுதலையே பேசுகிறோம். அவன் மூளை என்னாகும், குடும்பம் என்னாகும் என்று கவலைப்படுகிறோம். பார்க்கப்படுகிறவருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி கடைசியில்கூட வருவதில்லை.

கேபின் துவாரம் வழியாகப் பார்த்த கூட்டத்தையும் அவர் நினைவு வைத்திருக்கிறார். ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு உட்காருவார்கள். விளக்குப் போடுமுன் எழுந்து போவார்கள். யூனிஃபார்மோடு வரும் பையன்களைக் கேட்காரர் விரட்டுவார். அது நல்ல காலம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் இருந்தது, நேரம் இருந்தது, வாசலில் ஒரு ஆள் இருந்தார். இன்னொன்றும் இருந்தது: பிலிம் தேயும். நூறு தடவை ஓடிய பிட்டில் செங்குத்தாகக் கோடு விழும். மேலும் ஓடினால் முகமே தெரியாது. பிறகு ஒருநாள் அறுந்துபோகும், குப்பைக்குப் போகும். பின்னால் அவர் கையில் வந்து சேர்ந்த எதுவும் அப்படித் தேயவில்லை.

கியூப், யு.எஃப்.ஓ. என்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் வந்தன. படம் பூட்டுப் போட்ட கோப்பாக வந்தது. வெட்டவும் ஒட்டவும் ஒன்றுமில்லை. உதவி ஆபரேட்டரும் தேவையில்லை. திருப்பதிக்கு வந்து ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அது கார்டு லோடிங் காலம். ஒரு ஜி.பி., இரண்டு ஜி.பி. மெமரி கார்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பாட்டு, காமெடி, புதுப்படம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அன்னமய்யா கீர்த்தனை கேட்டு வருபவர்களும் உண்டு, திருமலைக்கு நடந்து ஏறும்போது கேட்க. சிலர் கூட்டம் குறையும்வரை நின்று, குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்பார்கள். கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு ஃபோல்டரை முதலாளி வைத்திருந்தார்.

கேட்பது மாறியதைத்தான் ஆபரேட்டர் முக்கியமாகச் சொல்கிறார். முதலில் ‘இங்கிலீஷ்’ கேட்டார்கள். கொஞ்ச நாளில் ‘லோக்கல்’ கேட்டார்கள். லோக்கல் என்றால் நடிகை இல்லை, சம்பளம் இல்லை, கேமராக்காரர் இல்லை. யாரோ ஒருத்தி, பெரும்பாலும் படம் எடுக்கப்படுவதே தெரியாதவள், அல்லது ஒருவனை நம்பி எடுக்கவிட்டவள். நாட்டுக்கு அந்த அதிர்ச்சி 2004-இல் டில்லியில் வந்தது. ஒரு பள்ளி மாணவன் செல்போனில் எடுத்த சிறு வீடியோ கைமாறி, பாஸி.காம் என்ற விற்பனைத் தளத்தில் பட்டியலிடப்பட்டு, அந்தத் தளத்தின் தலைமை அதிகாரி கைது வரை போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை 2008-இல் திருத்தினார்கள். அந்தரங்கத்தைப் படமெடுப்பதற்கு 66-இ, பாலியல் காட்சியைப் பரப்புவதற்கு 67-ஏ, குழந்தைகள் சம்பந்தப்பட்டதற்கு 67-பி என்று பிரிவுகள் வந்தன. 2009 அக்டோபரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. மெமரி கார்டு ஏற்றிய கடைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தான் வேலை பார்த்த தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்கிறார்.

ஒருநாள் முதலாளி புதிதாக வந்த ஒரு கோப்பு ஓடுகிறதா என்று திறந்து பார்த்தார். படம் மங்கல், குரல் மட்டும் தெளிவு. அந்தப் பெண் தமிழில் பேசினாள். சென்னைத் தமிழும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. தெலுங்கு கலந்த சித்தூர்ப் பேச்சு. “எங்க அக்கா பேசுற மாதிரியே இருந்துச்சு சார். இவ எங்கயோ கிரீம்ஸ்பேட்டைலயோ கட்டமஞ்சிலயோ இப்ப சோறாக்கிட்டு இருப்பா. அவளுக்குத் தெரியாம நாங்க இங்க அம்பது ரூபாய்க்கு அவள வித்துட்டு இருக்கோம்.” அந்த மாதச் சம்பளத்தோடு அந்தக் கடையை விட்டார். சொந்தமாகப் பெஞ்சு போட்டபோது சர்வீஸ் மட்டும், லோடிங் கிடையாது என்று எழுதி ஒட்டினார்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. லோடிங் தொழில் தெருவிலிருந்தே மறைந்தது. கேட்காரரும் போனார், குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டிய கூச்சமும் போனது.

தடை போட்டுப் பார்க்காமல் இல்லை. 2015 ஜூலை கடைசியில் மத்திய அரசு 857 தளங்களை முடக்கச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே குழந்தைகள் சம்பந்தப்படாத தளங்களுக்குத் தளர்த்தியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்கள் முடக்கப்பட்டன. அந்த வாரங்களில் ஆபரேட்டர் கடைக்கு வந்த கோரிக்கை ஒன்றுதான்: “அண்ணா, வி.பி.என். போட்டுக் குடுங்க.” தளத்தை முடக்குவதால் பெரிய பயன் இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அந்தத் தடைக்கு எதிராக அவர் பேசவில்லை. ஆட்சியாளர்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் அவருக்கு வருத்தம்.

2020 நவம்பரில் திருப்பதியே ஒரு செய்தியால் கலங்கியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. பக்தி சேனலுக்கு, ‘சதமானம் பவதி’ நிகழ்ச்சி பற்றிக் கேட்டு ஒரு பக்தர் மின்னஞ்சல் அனுப்பினார். பதிலாக ஆபாசத் தளத்தின் இணைப்பு போய்ச் சேர்ந்தது. புகாரின் பேரில் தேவஸ்தானம் விசாரித்ததில், ஊழியர்கள் சிலர் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே அப்படிப்பட்ட தளங்களைப் பார்த்து வந்தது தெரிந்தது. ஊரில் எல்லோரும் புனிதம் கெட்டதைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆபரேட்டர் இன்னொன்றைக் கவனித்தார்: வேலைக்கும் இதற்கும் நடுவே ஒரு காலத்தில் தெருவும் டிக்கெட்டும் இருந்தன, இப்போது ஒரு விசை தூரம்கூட இல்லை. திருப்பதியில் நடந்தது எந்த ஊர் அலுவலகத்திலும் நடக்கக்கூடியது.

அதற்கு முந்தைய வருஷம் நடந்தது அவரை இன்னும் ஆழமாக அடித்தது. 2019 நவம்பர் இறுதியில் ஹைதராபாத்துக்கு வெளியே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமையின் அதிர்ச்சியில்தான் ஆந்திர சட்டமன்றம் டிசம்பரில் திசா மசோதாவை நிறைவேற்றியது. அதே நாட்களில் ஒரு பெரிய ஆபாசத் தளத்தில் இந்தியாவிலிருந்து அதிகம் தேடப்பட்ட சொல், இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயர் என்று செய்தி வந்தது. மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போன அதே நாட்டில் அந்தப் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது ஆபரேட்டரின் கை வேலையை நிறுத்துகிறது. ஆபாசம் சமூகத்தை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கும் தெரியாது.

சர்வீஸ் பெஞ்சுக்கு வருவோம். டிஸ்ப்ளே உடைந்து, சார்ஜிங் பின் போய், பேட்டரி உப்பி வருகிற போன்கள். பேட்டர்ன் லாக்கைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டுச் சாவியைக்கூட அப்படி யாரும் தருவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கதை ஒன்று ஹாங்காங்கில் நடந்தது. நடிகர் எடிசன் சென் தன் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்தார். அதிலிருந்த அந்தரங்கப் படங்களை டெக்னீஷியன் ஒருவர் நகலெடுத்தார். 2008 ஜனவரியில் அவை இணையத்தில் பரவின. டெக்னீஷியனுக்கு எட்டரை மாதச் சிறை கிடைத்தது. படத்தில் இருந்த நடிகைகள் மன்னிப்புக் கேட்கிற நிலையில் வைக்கப்பட்டார்கள்.

அதனால் ஆபரேட்டரின் கடையில் சில கட்டுப்பாடுகள். டிஸ்ப்ளே மாற்றும் வேலை வாடிக்கையாளர் கண்முன்னால் நடக்கும். பேட்டர்னைப் பில்லில் வரைய மாட்டார்கள். டச் சோதிக்க டயலரில் குறியீடு தட்டுவார்கள், கேமரா சோதிக்கக் கடைச் சுவரைப் படமெடுத்து உடனே அழிப்பார்கள், கேலரிப் பக்கம் விரல் போகாது. சாம்சங் போன்களில் 2022-லிருந்து மெயின்டனன்ஸ் மோடு வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பழுது பார்ப்பவருக்குப் படமும் தெரியாது, மெசேஜும் தெரியாது. வருகிற ஒவ்வொருவருக்கும் அதை அவர் கற்றுக்கொடுக்கிறார். போனை விற்பவர்களிடம், படங்களை ஒவ்வொன்றாக அழித்தால் போதாது, ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் கொடுக்காதீர்கள் என்கிறார். வேலை கற்க வரும் பையன் ஒருவன் கேலரியைத் திறந்தால் அன்றோடு சரி. சால்டரிங்கில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

2020-இல் ஆன்லைன் வகுப்பு வந்தபோது அப்பாக்கள் வர ஆரம்பித்தார்கள். மகன் போனில் என்ன பார்க்கிறான் என்று திறந்து காட்டச் சொல்வார்கள். ஆபரேட்டர் திறக்க மாட்டார். பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான ஃபேமிலி லிங்க் போட்டுக் கொடுப்பார், பையனோடு பேசச் சொல்வார், அதிகமாகத் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 பட்டியலில் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. 2022-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பார்க்கிற எல்லோரும் நோயாளி இல்லை. தன் மதத்தின்படியும் ஒழுக்கத்தின்படியும் தவறு என்று நம்புகிறவர்கள், கொஞ்சமாகப் பார்த்தாலும் தங்களை அடிமை என்றே நினைத்து வதைபடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோயில் ஊரில் இது பெரிய உண்மை. பையனைச் சுவரோடு தள்ளி அவமானப்படுத்துகிற அப்பாவால் அவன் பார்ப்பது நிற்காது, பேசுவதுதான் நிற்கும். அந்த மௌனத்தில் மாட்டுகிறவர்களைப் பிறகு மிரட்டல்காரர்கள் பிடிக்கிறார்கள். தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால், சில நொடிப் பதிவு, அடுத்து ‘சி.பி.ஐ.’ என்று சொல்லிப் பணம் கேட்டு ஒரு குரல். அப்படி ஓடிவரும் பையன்களுக்கு ஆபரேட்டர் சொல்வது: பணம் அனுப்பாதே, சாட் பதிவை அழிக்காதே, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடி, வீட்டில் ஒருத்தரிடமாவது இன்றைக்கே சொல்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அவர் தெரிந்துவைத்திருக்கிறார். பெரியவர்கள் சம்பந்தப்பட்டதைத் தனியாகப் பார்ப்பது குற்றமில்லை. அனுப்புவதும் பரப்புவதும் குற்றம். குழந்தைகள் சம்பந்தப்பட்டதில் அந்தச் சலுகையே கிடையாது. சென்னை அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. போனில் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்றது. அதை ஆபாசப் படம் என்று சொல்லாதீர்கள், குழந்தை மீதான சுரண்டல், வன்கொடுமை என்று சொல்லுங்கள் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பின் சாரம் தெலுங்கிலும் தமிழிலும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

புதிதாக ஒரு பயம் சேர்ந்திருக்கிறது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் பொருத்திய வீடியோ நாடெங்கும் ஓடியது. 2024 ஜனவரியில் டில்லி போலீஸ் அதைச் செய்தவர் என்று கைது செய்தது ஆந்திராவின் குண்டூரைச் சேர்ந்த ஓர் இளைஞரை. நடிகையின் ரசிகர் பக்கத்துக்கு ஆள் சேர்ப்பதற்காகச் செய்தார் என்றார்கள். இப்போது காலேஜ் பெண்கள் கடைக்கு வந்து கேட்பது, டி.பி.யில் முகம் வைக்கலாமா கூடாதா என்று. தப்பு செய்யாத பெண் தன் முகத்தை ஒளிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பெண்கள் வருவது கடை மூடும் நேரத்தில். சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வருபவர்களும் உண்டு, அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று. சார்ஜ் ஏறவில்லை என்று போனை நீட்டி, போனில் பழுதில்லை என்றதும் நின்றுகொண்டே இருப்பார்கள். பிறகு கேள்வி வரும்: “அண்ணா, ஒரு வீடியோ... அத எல்லா எடத்துலயும் அழிச்சுட முடியுமா?” விட்டுப்போன காதலன், விவாகரத்துக் கேட்கும் கணவன், கணவனின் நண்பன். அனுப்பியவன் பெயரைக்கூடச் சொல்லக் கூசுகிறார்கள். “நீயே சம்மதிச்சுத்தானே எடுத்தே” என்று வீட்டிலும் சில சமயம் ஸ்டேஷனிலும் கேட்பார்கள் என்ற பயம்.

ஆபரேட்டர் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். மனைவியைப் போனில் அழைத்துக் கடைக்கு வரச் சொல்கிறார். வீடியோவைக் காட்ட வேண்டாம் என்கிறார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த அந்த விளக்கம் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. லிங்க், எண், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேட்கலாம். நிர்வாணக் காட்சி என்று பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் வருஷத்து ஐ.டி. விதிகள் தளங்களுக்குச் சொல்லின. 2021 டிசம்பரில் வந்த ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ. தளத்தில் வீடியோவை ஏற்ற வேண்டியதே இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் போனிலேயே அதற்கு ஒரு ரேகை போன்ற எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதே வீடியோ மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வீடியோ அவளிடம் இல்லாவிட்டால் இது உதவாது. வாட்ஸாப்பில் ஆளுக்கு ஆள் போவதை இது பிடிக்காது. இதையும் மறைக்காமல் சொல்கிறார். முழுதாக அழிந்துவிடும் என்று பொய் வாக்குக் கொடுத்துப் பணம் பறிப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

சிலர் போலீசுக்குப் போகிறார்கள், பலர் போவதில்லை. போகாதவர்களை அவர் குறை சொல்வதில்லை. பொள்ளாச்சியைச் சொல்கிறார். வீடியோ எடுத்து மிரட்டி எத்தனையோ பெண்களைச் சிதைத்த கூட்டம், 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகே வெளியே வந்தது. 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாகவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார். தமிழ் டி.வி.யில் அதைப் பார்த்த அன்று ஆபரேட்டர் கடையில் வேலை கற்கும் பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். அதே வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞரே வந்தார். முன்னாள் காதலன் பரப்பிய வீடியோவை 48 மணி நேரத்தில் நீக்க நீதிபதி உத்தரவிட்டார். சட்டம் படித்த பெண்ணுக்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், சித்தூரிலிருந்து கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண் என்ன செய்வாள்?

அதனால்தான் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஐ.டி.ஐ.யில் ஸ்மார்ட்போன் டெக்னீஷியன் பாடமே இருக்கிறது. ஹாட் ஏர் பிடிக்கவும் ஐ.சி. மாற்றவும் கற்றுத்தரும் இடத்தில், இன்னொருவரின் போனைக் கையில் வாங்கினால் எதைத் தொடக் கூடாது, அழுதுகொண்டு வருபவரிடம் என்ன சொல்ல வேண்டும், எந்தப் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று கட்டாயப் பாடம் வேண்டும், தேர்வும் வேண்டும். தெருவில் உள்ள மற்றக் கடைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பேட்டர்னைப் பில்லில் எழுதும் பழக்கத்தை நிறுத்தச் சொல்கிறார். சிலர் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்களிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.